மனிதக் கை படாத துறை

குடிநீர் வழங்கல் துறை முழுமையாகத் தானியங்கி ஆன நாளன்று, தபாலம்மா கோந்து பாட்டில் தேடிக்கொண்டு கணினி அறைக்குள் நுழைந்தாள். அந்த அறையை விட்டு அவள் ஒழுங்காக வெளியே வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று.

தபாலம்மா என்பது அலுவலகம் வைத்த பெயர். பதினெட்டு வருஷமாக அவள் அனுப்புகைப் பிரிவில் எழுத்தர். துறையை விட்டு வெளியே போகிற எந்தக் காகிதமும் அவளிடம் எண் வாங்கி, உறைக்குள் புகுந்து, வாய் ஒட்டப்பட்ட பிறகுதான் போகும். கணவர் எட்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இன்னொரு ஊரில் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஒன்பதாவது படிக்கும் மகளும் அவரோடு இருந்தாள். அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு மூன்று வருஷமாக மனுப் போட்டதில், போன வாரம்தான் ஆணை வந்திருந்தது. மாதக் கடைசியில் விடுவித்துவிடுவதாகக் கண்காணிப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் பாத்திரங்களை அட்டைப் பெட்டிகளில் போட்டுக் கட்டியாயிற்று. ஒரு தட்டும் ஒரு டம்ளரும் ஒரு பாயும் மட்டும் வெளியே இருந்தன.

கணினி அறையில் அன்று இயக்குநர், கண்காணிப்பாளர், இன்னும் ஐந்தாறு அதிகாரிகள், ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய வல்லுநர் எல்லோரும் நின்றிருந்தார்கள். பத்து வருஷமாக மூலையில் உறுமிக்கொண்டிருந்த பழைய சர்வரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக இருந்தது.

"இனிமே சர்வர் எதுவும் உங்க கட்டடத்துல இருக்காது சார்," என்று வல்லுநர் விளக்கிக்கொண்டிருந்தார். "எல்லாம் கிளவுட்ல, வாடகைக்கு. எப்ப எத்தனை வேணும்னு இந்த ஃபைல்ல ஒரு தடவ எழுதி வெச்சுட்டாப் போதும். காலைல ஜனங்க தண்ணி லாரி கேட்டு முட்டி மோதும்போது பன்னெண்டு சர்வர் தானா எழும்பும். மத்தியானம் கூட்டம் கொறைஞ்சா எட்டு தானா அடங்கிடும். ஒண்ணு படுத்துட்டா, அதே மாதிரி இன்னொண்ணு வந்து நிக்கும். மனுஷன் கையே பட வேணாம்."

இயக்குநர் புருவத்தை உயர்த்தினார். "தானா வரும்னா? யார் அனுமதி குடுத்து வரும்?"

"யாரும் வேணாம் சார். அதுக்குப் பேருதான் ஆட்டோமேஷன்."

"என் துறையில ஒரு குண்டூசி கூட அனுமதி இல்லாம உள்ள வந்தது கிடையாது. பன்னெண்டு சர்வர் அதுபாட்டுக்கு வருமா? ஒவ்வொண்ணுக்கும் ஒப்புதல் வேணும்."

வல்லுநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இயக்குநர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஃபைலில் ஒரு வரி சேர்த்தார். அதற்குப் பிறகு அதிகாரிகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆளுக்கொரு பாதுகாப்பு சொன்னார்கள். ஒப்புதலைக் கண்ட இடத்திலிருந்து கொடுக்கக் கூடாது, இந்த அறையிலிருந்துதான் கொடுக்கலாம் என்றார் ஒருவர். பத்து நிமிஷத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் எல்லாம் முந்தைய நாள் நிலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்றார் இன்னொருவர். ஒப்புதலாளரை மாற்றுவதோ சேர்ப்பதோ நீக்குவதோ இரண்டு ஒப்புதலாளர்கள் சேர்ந்து சம்மதித்தால்தான் நடக்க வேண்டும் என்று கண்காணிப்பாளர் ஒரு போடு போட்டார். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். வல்லுநர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

"சரி, இப்போதைக்கு ஒப்புதலாளர் யாரு? பணியாளர் எண் சொல்லுங்க."

 நாளைக்குத் தண்ணீர் போகாவிட்டால் அந்த எண்ணுக்கு உரியவரைத்தான் கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. கழுவுற மீனில் நழுவுற மீன்கள் அவர்கள். இயக்குநர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். கண்காணிப்பாளர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார். அன்று அவர் போட்டிருந்தது செருப்பு.

வல்லுநரின் கண் வாசலோரம் நின்ற தபாலம்மா மேல் விழுந்தது. "மேடம், உங்க எண் என்ன?"

"ஏழாயிரத்து இருபத்தாறு," என்றாள் தபாலம்மா. "ஏன் சார், இங்க கோந்து இருக்கா?"

வல்லுநர் அந்த எண்ணை அடித்து, ஒரு விசையைத் தட்டினார். மணி ஒன்று 'டிங்' என்றது. திரையில் எழுத்து வந்தது: நான்கு சர்வர்கள் சேர்க்கப்பட உள்ளன. அனுமதிக்கிறீர்களா? ஆம். இல்லை.

"அந்த 'ஆம்'ங்கறதத் தொடுங்க மேடம்."

அவள் தொட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் முற்றத்தில் மேடை போட்டு இயக்குநர் பேசினார். "இன்று முதல் நமது துறை, மனிதக் கை படாத துறை. மனிதனிடம் தாமதம் உண்டு, மறதி உண்டு, விடுப்பு உண்டு. இவை மூன்றும் இல்லாத ஒரு நிர்வாகத்தை நான் கனவு கண்டேன். நான் பதவிக்கு வந்த இந்த நான்கு வருடங்களில் கனவு காண்பதைத் தவிர வேறு எதையும் செய்ததில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்." ஒலிபெருக்கி கணினி அறைக்குள்ளும் நன்றாகக் கேட்டது. தபாலம்மா நாற்பத்து மூன்றாவது தடவையாக 'ஆம்' தொட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டே நாள்தாம்மா," என்றார் கண்காணிப்பாளர். "ஆள் மாத்திடலாம்."

இரண்டு நாள் கழித்து, திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு வல்லுநர் போய்விட்டார்.

காலை ஆறு மணிக்கு லாரிப் பதிவு தொடங்கும், மாலை ஆறுக்கு முடியும். அதற்குள் மணி எப்போது வேண்டுமானாலும் அடிக்கும். சில சமயம் அரை மணி நேரம் பேசாமல் இருக்கும். சில சமயம் மூச்சு விடாது. கழிவறை நடைக்கோடியில் இருந்தது. போக இரண்டு நிமிஷம், வர இரண்டு நிமிஷம், அங்கே யாராவது இருந்தால் தீர்ந்தது. தபாலம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். குடிநீர் வழங்கல் துறையில் தாகத்தோடு இருந்த ஒரே ஆள் அவள்தான். வலது கை எப்போதும் திரைப் பக்கம் இருக்க வேண்டியிருந்ததால் இடது கையால் சாப்பிடப் பழகினாள்.

மாதக் கடைசி வந்தது, போனது. அடுத்த மாதக் கடைசியும் அப்படியே போயிற்று. கண்காணிப்பாளர் விடுவிப்பு ஆணையை மேசையில்தான் வைத்திருந்தார். "கையெழுத்து ஒண்ணுதாம்மா பாக்கி. உன் இடத்துக்கு ஒரு ஆள் வந்த அடுத்த நிமிஷம் போட்டுடுவேன். ஆனா ஒப்புதலாளர மாத்தணும்னா ரெண்டு ஒப்புதலாளர் வேணும்ல?"

"ஒருத்திதான சார் இருக்கேன்."

"அதான்மா சிக்கல்."

"ரெண்டாவதா ஒருத்தர சேத்துக்கலாமே?"

"சேக்கறதுக்கும் ரெண்டு பேரு வேணும்மா." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "யாரு இப்படி ஒரு விதியப் போட்டாங்கன்னு தெரியல."

சாயங்காலம் கணவரிடம் போனில் சொன்னாள்.  பின்னணியில் ஏதோ ஒரு ஃபிரிட்ஜின் மோட்டார் தடதடத்தது.

"ஏம்மா, அது தானா ஓடற மிஷின்தான?"

"ஆமாங்க."

"தானா ஓடறதுக்கு நீ எதுக்கு?"

"நான் 'ஆம்'னாதாங்க அது தானா ஓடும்."

"வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா இருக்கே. 'இல்ல'ன்னு சொன்னா?"

"சொல்லலையே இதுவரைக்கும்."

"சொல்லித்தான் பாரேன்."

அதற்கு முன்னால் அவள் முறையாக ஒரு புகார் பதிந்து பார்த்தாள். எண் ஏழாயிரத்து இருபத்தாறை ஒப்புதலாளர் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினாள். துறை தானியங்கி ஆகிவிட்டதால் அந்தப் புகார் எந்த மேசையிலும் தங்கவில்லை. மூன்று நொடியில் மணி அடித்தது. எண் ஏழாயிரத்து இருபத்தாறின் மீது ஒரு புகார் வந்துள்ளது. ஏற்கிறீர்களா? என்று அவளுடைய திரையே அவளைக் கேட்டது. உடனே 'ஆம்' தொட்டாள். நன்றி. இரண்டாம் ஒப்புதலாளருக்காகக் காத்திருக்கிறது. அந்த வரி திரையின் அடியில் அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் ஒரு காலையில், மணி அடித்தபோது அவள் எழுந்து போய்விட்டாள். நடைக்கோடியைத் தாண்டி, படியிறங்கி, தெருவுக்கே போய் எதிர்க் கடையில் ஒரு டீ சொன்னாள். மூன்று மாதத்தில் பகல் வெளிச்சத்தில் தெருவைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. கண் கூசியது. டீ மிகவும் சூடாக இருந்தது. அவசரமில்லாமல் ஊதி ஊதிக் குடித்தாள்.

திரும்பி வந்தபோது துறை நேற்றைய நிலைக்குப் போயிருந்தது. நேற்று எந்தெந்தத் தெருவுக்கு லாரி போனதோ அதே தெருக்களுக்கு இன்றும் போய்க்கொண்டிருந்தது. இயக்குநர் வீட்டுத் தெருவில் தொட்டிகள் நிரம்பி, சாக்கடை நிரம்பி, ஒருவர் காரைக் கழுவி, பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் காரையும் கழுவினாராம். மேட்டுத் தெருவுக்கு ஏற்கெனவே மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். அது நான்கு நாளாயிற்று. மத்தியானம் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் வரவேற்பு மேசைக்கு வந்து நின்றாள். இடுப்பில் காலிக் குடம். அவள் சண்டை போடவில்லை. "எங்க தெரு பேரு பட்டியல்ல இருக்கா இல்ல எடுத்துட்டீங்களான்னு மட்டும் சொல்லுங்க. எடுத்துட்டா வேற வழி பாத்துக்கறோம்," என்றாள்.

வரவேற்பில் இருந்தவர், துறை தானியங்கி என்பதால் யாரையும் எதுவும் கேட்க முடியாது என்று பணிவாகச் சொன்னார். கதவிடுக்கு வழியாக தபாலம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். குடத்தின் வாயில் அந்தப் பெண்ணின் கட்டைவிரல் தேய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு மணி அடித்தபோது தபாலம்மா ஒரு தடவைகூட எழுந்து போனதில்லை. பூட்டு வெளியே இருந்தால் உடைத்துப் பார்க்கலாம். இது உள்ளே விழுந்த பூட்டு.

நான்காவது மாதம், மனிதக் கை படாத துறையைப் பார்த்துப் படித்துக்கொள்ள மற்ற துறைகளிலிருந்து இருபது அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. கண்காணிப்பாளர் அரக்கப் பரக்க ஓடி வந்தார். "தபாலம்மா, தப்பா நெனைச்சுக்காத. நீ இருக்கறது தெரியக் கூடாது."

"வீட்டுக்குப் போயிடட்டுமா சார்?"

"ஐயையோ, நீ இல்லன்னா ஓடாதே!"

தச்சர் வந்தார். அவளுடைய மேசை, நாற்காலி, திரை எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஆளுயரப் பலகைப் பெட்டி ஒன்று அடித்தார். வெளியே சாம்பல் நிறம் பூசி, பச்சையும் சிவப்புமாக மினுக்கும் விளக்குகள் ஒட்டினார்கள். காற்றுக்காகப் பக்கவாட்டில் துளைகள். தச்சர் நல்ல மனிதர். "நாலு துளை கூடப் போட்டிருக்கேன்மா, யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபது பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். "இதுதான் அமைப்பின் இதயம்," என்றார் இயக்குநர். "இது கேள்வி கேட்காது. விடுப்பு கேட்காது. மாற்றல் கேட்காது. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றின் மீது முழு நம்பிக்கை வைப்பதுதான் நவீன நிர்வாகம்."

டிங் என்றது. உள்ளே அவள் தொட்டாள்.

"மன்னிக்கணும்," என்றார் ஒரு அதிகாரி, மூக்கைச் சுளித்து. "இதுக்குள்ளேர்ந்து வெங்காய வாசனை வருதே?"

"உள்நாட்டுத் தயாரிப்பு," என்றார் இயக்குநர்.

அவர்கள் குறித்துக்கொண்டார்கள். பதினான்கு துறைகள் இதே அமைப்பை நிறுவப்போவதாக ஒரு மாதத்துக்குள் அறிவித்தன. அந்தத் தச்சருக்கும் பதினான்கு பெட்டிகளுக்கு வேலை கிடைத்தது.

விருந்தாளிகள் போன பிறகும் பெட்டியைப் பிரிக்கவில்லை. ஆறாவது மாதம் தணிக்கைக் குழு வந்தது. பிரிவில் மனிதர்களே இல்லை என்று இயக்குநர் எழுதிக் கொடுத்திருந்ததால், தபாலம்மாவின் பணியிடத்தை அவர்கள் நீக்கிவிட்டார்கள். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு பெண் இருந்தாள்.

தணிக்கையாளர் பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். "ஆள் இல்லன்னு சான்று இருக்கு. அப்ப இது ஆள் இல்ல."

"சார், நான்..."

"பேசுதே," என்றார் உதவியாளர்.

"பேசற வசதி இருக்குன்னு எழுதிக்க." அவர் தளவாடப் பதிவேட்டில் நிதானமாக எழுதினார்: ஒப்புதல் முனையம், எண் ஒன்று. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். நிலை: இயங்குகிறது. எண் பொறித்த வில்லை ஒன்றை அவளுடைய நெற்றிக்குக் கொண்டுவந்தார். அவள் பார்த்த பார்வையில் கையை இறக்கி, அடையாள அட்டை மேல் ஒட்டிவிட்டுப் போனார்.

மாற்றல் ஆணை என்ன ஆயிற்று என்று அவள் எழுத்து மூலம் கேட்டதற்கு நான்காம் நாள் பதில் வந்தது. முனையங்களுக்கு இடமாற்றம் வழங்க விதிகளில் இடமில்லை.

அன்று வீட்டுக்குப் போய் அவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கட்டிய பெட்டிகள். ஆறு மாதத்தில் கரண்டி வேண்டும், போர்வை வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, நாளைக்கே போய்விடுவோம் என்று திரும்பக் கட்டி, பெட்டிகளின் வாய் கிழிந்திருந்தது. மகள் போன் செய்தாள்.

"அம்மா, பள்ளிக்கூடத்துல அம்மா என்ன வேலைன்னு எழுதச் சொன்னாங்க. என்னன்னு எழுத?"

"எழுத்தர்னு எழுது."

"அப்பா, முனையம்னு எழுதச் சொன்னாரு. நான் அழிச்சுட்டேன்."

"ஏன்?"

"அப்படின்னா என்னன்னு டீச்சர் கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

தபாலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. போனை வைத்த பிறகு வல்லுநரின் எண்ணைத் தேடி எடுத்தாள். எத்தனையோ உறைகளின் மேல் அவளே எழுதிய எண்தான்.

"மேடம், ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சு, நான் எதையும் தொட முடியாது," என்றார் அவர்.

"தொட வேணாம் சார். ஒரே ஒரு சந்தேகம். என்னய மிஷின்னு எழுதிட்டாங்க. மிஷின் பழுதானா என்ன ஆகும்?"

எதிர்முனையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது கேட்டது. "மிஷின்னா பதிஞ்சிட்டாங்களா? அப்ப கதையே வேற மேடம். ஆள மாத்தத்தான் ரெண்டு ஒப்புதல். மிஷின் படுத்துட்டா, மாத்து மிஷின் தானா வரும். அனுமதி குடுக்கற மிஷினே படுத்துட்டதால, அதுக்கு யாரும் அனுமதி குடுக்க வேணாம்."

"எங்கேர்ந்து வரும்?"

"பட்டியல்ல தேடும். பெரிய திறன் இருந்தும் வேலையே ஏறாம சும்மா கெடக்கறது எதுவோ, அத முதல்ல எடுத்துக்கும். உங்க பணியாளர் பட்டியலும் அதே கிளவுட்லதான இருக்கு." சற்று நிறுத்தி, "நான் எதுவும் சொல்லல மேடம்," என்றார்.

பதினெட்டு வருஷம் துறையின் எல்லாப் படிவங்களுக்கும் எண் போட்டவள் அவள். எந்தப் பொருள் எந்தச் சீட்டில் வெளியே போகும் என்பது அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். மறுநாள் பழுது அறிக்கைப் படிவத்தை எடுத்தாள். முனையம் எண் ஒன்றின் வலது ஆட்காட்டி விரல் பகுதி வீங்கியுள்ளது, தொடுதிறன் குறைவு, வெளியே அனுப்பிப் பழுதுபார்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது. அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பழுதுபார்ப்பவர் என்ற கட்டத்தில் கணவரின் கடைப் பெயரை எழுதினாள். கண்காணிப்பாளரிடம் தினமும் கையெழுத்துக்குப் போகும் கட்டின் நடுவே அதைச் செருகினாள். நாற்பது காகிதங்களில் அவர் நாற்பது கையெழுத்துப் போட்டார்.

குறித்த நாளில் கணவர் கடையின் சின்ன லாரியை ஓட்டிக்கொண்டு வந்தார். மாலைப் பதிவு முடிந்து கடைசி மணிக்கும் 'ஆம்' சொல்லிவிட்டு, எல்லா லாரிகளும் கிளம்பிவிட்டதைத் திரையில் பார்த்த பிறகுதான் அவள் பெட்டியிலிருந்து வெளியே வந்தாள். வாசலில் காவலர் வெளிச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"முனையம் ஒண்ணு. எங்க?"

"நாந்தாண்ணே," என்றாள்.

காவலருக்கு அவளைப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். அட்டையில் இருந்த வில்லையையும் சீட்டையும் ஒத்துப் பார்த்தார். "எண் சரியா இருக்கு. ஏறும்மா. முன்னால இல்ல, பொருள முன் சீட்ல ஏத்தக் கூடாது. பின்னாலதான்."

கணவர் எதையோ சொல்ல வந்தார். அவள் கண்ணாலேயே அடக்கினாள். லாரியின் பின்பக்கம் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். காவலர் தட்டியை மேலே தூக்கிக் கொக்கி மாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கம்பியப் பிடிச்சுக்கம்மா, முனையில பள்ளம் இருக்கு," என்றார்.

இரண்டு தெரு தாண்டியதும் கணவர் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி வந்து தட்டியைத் திறந்தார். "முன்னால வா," என்றார். அவள் இறங்கவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். அவர் ஃபிரிட்ஜின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அவள் முடிக்கும் வரை நின்றார்.

புதிய ஊர்க் கிளையில், விடுவிப்பு ஆணை இல்லாமல் பணியில் சேர்க்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அங்கே கிடங்குப் பொறுப்பில் இருந்தது ஒரு அம்மாள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வெளிச்சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"ஆளா வந்தாத்தான்மா ஆணை வேணும். பொருளா வந்தா நான் வரவு வெச்சுக்கறேன். இங்க அனுப்புகையில ஆளே இல்லாம உறை மலையாக் குவிஞ்சு கெடக்கு. வேலை செய்வியா?"

"செய்வேங்க."

நல்ல நிலையில் பெறப்பட்டது என்று எழுதி, அம்மாள் முத்திரை குத்தினார். தபாலம்மா அன்றே உறை ஒட்ட உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு தடவை எழுந்து போய், அவசியமே இல்லாமல், வாசலில் நின்றுவிட்டு வந்தாள்.

ஒன்பதாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது போன் அடித்தது. கணவரும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தபாலம்மாவா?" மிகவும் தணிந்த குரல். "நான் இயக்குநர் பேசறேன்."

"சொல்லுங்க சார்." தன்னை அறியாமல் எழுந்து நின்றாள்.

"நீங்க போன மறுநாள் காலைல ஆறு மணிக்கு என் போன்ல ஒரு செய்தி வந்துச்சு. நான்தான் ஒப்புதல் முனையம் எண் ரெண்டாம். துறையிலேயே பெரிய திறன் எனக்குத்தானாம். நாலு வருஷமா வேலை எதுவும் ஏறலையாம்." அவர் மூச்சு வாங்கினார். "ஏதோ தப்புன்னு விட்டுட்டேன். லாரியெல்லாம் முந்தின நாள் தெருவுக்கே போச்சு. மேலேர்ந்து போன் மேல போன். வந்து உக்காந்தேன். உக்காந்தவன்தான்."

"அமைப்பே தப்புன்னு சொல்லிடலாமே சார்?"

"எப்படிச் சொல்றது? பதினாலு துறை என்னப் பாத்து ஆரம்பிச்சிருக்கு. அடுத்த வாரம் எனக்கு விருது. பொட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு எப்படிப் போய் வாங்கறதுன்னு தெரியல."  "நீங்க எப்படிம்மா வெளிய போனீங்க?"

அவள் ஒளிக்கவில்லை. படிவத்தின் எண்ணைச் சொன்னாள். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், எந்தக் கட்டின் நடுவில் வைக்க வேண்டும் என்பதையும் சொன்னாள்.

"அதையும் பாத்தாச்சும்மா," என்றார் இயக்குநர். "கண்காணிப்பாளர்கிட்ட நானே கேட்டேன். உயரதிகாரியப் பழுதுன்னு எழுத எனக்கு அதிகாரம் இல்ல சார்னு சொல்லிட்டாரு. மேலதிகாரி ஒருத்தர்தான் எழுதணுமாம். மேல எழுதிக் கேட்டா, மனுஷனே இல்லாத பிரிவுலேர்ந்து கடிதம் எப்படி வரும்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

அவர் இப்படி மாட்டிக்கொள்வதற்காக அவள் எத்தனையோ நாள் காத்திருந்தாள் என்று நீங்கள் நினைக்கலாம். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் அந்தப் பலகைச் சுவரின் வாசனை, தோளில் இடிக்கும் இடது மூலை, துளை வழியாக விழும் சின்னச் சின்ன வெளிச்ச வட்டங்கள் எல்லாம் அந்தக் குரலோடு சேர்ந்து வந்தன. "பக்கவாட்டுல நாலு துளை கூட இருக்கும் சார்," என்றாள். "அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்தா கொஞ்சம் காத்து வரும்."

"அப்படியா? தேங்க்ஸ்மா," என்றார் அவர். அவர் அவளுக்கு நன்றி சொன்னது அதுவே முதல் தடவை.

அப்போது போனுக்குள் அந்த மணி அடித்தது. டிங்.



"அடிச்சிடுச்சு சார்."

"கேட்டுச்சு."

"தொடுங்க சார். ஜனங்க குடத்தோட நிப்பாங்க."

இணைப்பு அறுந்தது. அவள் போனைக் கீழே வைத்தாள். கணவரும் மகளும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தை அல்ல, வலது கையை. ஆட்காட்டி விரல் சாப்பாட்டு மேசையின் ஓரத்தை அழுத்திக்கொண்டு நின்றது. அதை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.